பெயர் வந்த வழி: உலகப் பொது அறிவு முக்கியக் குறிப்புகள்

பொது அறிவுக்குப் படிக்கிறவர்கள் நாடு, தலைநகர், நாணயம் என்று மூன்று பத்தி போட்டு உருப்போடுவது வழக்கம். அப்படிப் படித்தது தேர்வு நெருங்கும்போது ஒன்றோடொன்று குழம்பும். பெயர் எப்படி வந்தது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் புவியியல், வேதியியல், வரலாறு என்று இரண்டு மூன்று பாடத்துக்கான விடை சேர்ந்தே கிடைக்கும். அந்த மாதிரிப் பெயர்களை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். கைமாறிக் கைமாறி வரும் நோட்ஸ்களில் தவறாகவே ஓடிக்கொண்டிருக்கும் சில செய்திகளையும் அங்கங்கே சுட்டியிருக்கிறேன்.

டாலருக்கும் ரேடியத்துக்கும் ஒரே ஊர்

செக் குடியரசில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் யாகிமோவ் என்றொரு சிறிய சுரங்க ஊர் உண்டு. ஜெர்மன் மொழியில் யோவாகிம்ஸ்டால். ‘டால்’ என்றால் பள்ளத்தாக்கு. 1516-இல் வெள்ளி கிடைத்ததும் ஊர் கிடுகிடுவென வளர்ந்தது. 1520 வாக்கில் அங்கே அடித்த கனமான வெள்ளிக் காசை ஊர்ப் பெயராலேயே யோவாகிம்ஸ்டாலர் என்றார்கள். நாளடைவில் முன்பாதி உதிர்ந்து பின்பாதி மட்டும் நின்றது. அது டச்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் டாலர் ஆனது. ஸ்பெயின் நாட்டு வெள்ளிக் காசையும் ஆங்கிலேயர்கள் ‘ஸ்பானிஷ் டாலர்’ என்றே அழைத்தார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் புழங்கியது அதுதான். 1792-இன் நாணயச் சட்டத்தில் அமெரிக்கா தன் டாலரை அதை ஒட்டியே வகுத்தது.

இந்த ஊரை இதோடு விட்டுவிடக் கூடாது.

• வெள்ளியோடு பிட்ச்பிளெண்ட் என்ற கரிய கனிமமும் அந்தச் சுரங்கத்தில் வந்தது. வெள்ளி தேடியவர்களுக்கு அது வேண்டாத சரக்கு. பின்னாளில் அதிலிருந்து யுரேனியத்தைப் பிரித்துக் கண்ணாடிக்கு நிறமேற்றப் பயன்படுத்தினார்கள். மிச்சக் கசடைக் கொட்டி வைத்தார்கள். 1898-இல் பொலோனியம், ரேடியம் இரண்டையும் கண்டறிந்த மேரி, பியர் கியூரி தம்பதியர், ரேடியத்தைத் தனியே பிரித்தெடுப்பதற்காக டன் கணக்கில் வரவழைத்தது இந்தக் கசடைத்தான்.

• பொலோனியம் என்பது மேரி கியூரியின் தாய்நாடான போலந்தின் பெயர். அந்த ஆண்டில் போலந்து என்ற தனி நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி மூன்றுக்கும் இடையே பிரிந்து கிடந்தது.

• மேரி கியூரிக்கு 1903-இல் இயற்பியல் நோபல் (பியர் கியூரி, ஹென்றி பெக்கரல் ஆகியோருடன்), 1911-இல் தனியாக வேதியியல் நோபல்.

• யுரேனியம் 1789-இல் கிளாப்ராத் கண்டறிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ் கோளின் பெயரைச் சூட்டினார். அணு எண் 92. அடுத்த 93, 94 தனிமங்களுக்குக் கோள் வரிசையிலேயே நெப்டியூனியம், புளூட்டோனியம் என்று பெயர் வந்தது. 2006-இல் புளூட்டோ குறுங்கோள் ஆகிவிட்டது. தனிமத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை.

• சுரங்கவியலின் முதல் பெரிய நூலான ‘டி ரே மெட்டாலிகா’வை எழுதிய ஜார்ஜ் அக்ரிகோலா இந்த ஊரில் மருத்துவராக இருந்தவர். நூல் வெளிவந்தது 1556, அவர் இறந்து ஓராண்டு கழித்து.

மற்றப் பணப் பெயர்கள்

உலகின் பல நாணயங்களுக்கு எடையே பெயர். பவுண்டின் குறியீடு ஆங்கில எல் எழுத்தின் குறுக்கே கோடு போட்டதுபோல் இருப்பதற்குக் காரணம், லத்தீனில் எடையைக் குறித்த ‘லிப்ரா’. பெசோ என்றாலும் ஸ்பானிஷில் எடைதான். நம் நகைக்கடையில் சொல்கிற ‘பவுன்’ கூடப் பவுண்டு வழி வந்ததே. பிரிட்டிஷ் சவரன் காசு 7.98 கிராம், அதைத்தான் 8 கிராம் என்று வைத்துக்கொண்டோம்.

• யென் (ஜப்பான்), யுவான் (சீனா), வொன் (கொரியா): மூன்றுக்கும் மூலம் வட்டம் என்று பொருள்படும் ஒரே சீனச் சொல்.

• தினார்: ரோமானிய வெள்ளிக் காசான தெனாரியஸ். குவைத், ஜோர்டான், ஈராக், செர்பியா நான்கிலும் தினார்தான். செர்பியாவை அரபு நாடுகளோடு சேர்த்துக் கேட்டால் தடுமாற வேண்டாம்.

• ராண்ட்: தென் ஆப்பிரிக்காவில் 1886-இல் பெரும் தங்கப் படிவு கிடைத்த விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டின் பெயர். ஜோகன்னஸ்பர்க் எழுந்ததும் அந்தத் தங்கத்தால்தான்.

• குவெட்சால்: குவாத்தமாலாவின் நாணயம், தேசியப் பறவை இரண்டும்.

• ரூபாய்: ஷெர்ஷா சூரி வெளியிட்ட வெள்ளி ரூபியா, ஏறத்தாழ 11.5 கிராம். இந்தோனேசிய ரூபியா, மாலத்தீவின் ருஃபியா இரண்டும் இதே வேரில் வந்தவை. இன்றைய ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். மத்திய அரசு ஏற்றது ஜூலை 2010.

ஊதியத்துக்கான ஆங்கிலச் சொல் ‘சாலரி’, லத்தீனில் உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்பதிலிருந்து வந்தது. இதுவரை சரி. ரோமானியப் படைவீரர்களுக்குச் சம்பளமாக உப்பையே அளந்து கொடுத்தார்கள் என்று நோட்ஸில் சேர்த்து எழுதுகிறார்களே, அதற்குப் பழைய ஆதாரம் கிடையாது.

நாடுகள்

• அர்ஜென்டினா: லத்தீனில் வெள்ளி ‘அர்ஜென்டம்’. வெள்ளியின் வேதிக் குறியீடான ஏ.ஜி. வந்ததும் அங்கிருந்தே. பியூனஸ் அயர்ஸ் நகரம் இருக்கும் ரியோ டி லா பிளாட்டாவுக்கு ‘வெள்ளி ஆறு’ என்று பொருள். பெயரில்தான் வெள்ளி. உண்மையான வெள்ளி மலை வடக்கே, இன்றைய பொலிவியாவின் பொட்டோசியில் இருந்தது. மேலே சொன்ன ஸ்பானிஷ் டாலருக்குப் பெருமளவு வெள்ளி கொடுத்தது அந்த மலை.

• ஈக்வடார் என்றால் நிலநடுக்கோடு. கோடு அந்நாட்டின் வழியாகவே போகிறது. எக்வடோரியல் கினியாவின் நிலத்தில் கோடு படவே இல்லை. பெருநிலப் பகுதியும் பியோகோ தீவும் கோட்டுக்கு வடக்கே, அன்னோபோன் தீவு தெற்கே. கோடு நடுவில் கடலில் போகிறது. கூற்று-காரணம் வகைக் கேள்விக்கு இதைவிடத் தோதான செய்தி கிடையாது.

• கிரிபாட்டி: கில்பர்ட் என்ற பெயரை உள்ளூர் நாக்கு சொன்ன விதம். உச்சரிப்பு ‘கிரிபாஸ்’. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு அரைக்கோளங்களிலும் நிலமுள்ள ஒரே நாடு.

• கேமரூன்: பதினைந்தாம் நூற்றாண்டில் வூரி ஆற்று முகத்துவாரத்துக்கு வந்த போர்த்துகீசியர் அங்கே இறால் குவிந்து கிடந்ததைப் பார்த்து ‘இறால் ஆறு’ என்றார்கள். ஆற்றின் பெயர் நாட்டுக்கு ஏறிவிட்டது.

• கேனரி தீவுகள்: பறவையால் தீவுக்குப் பெயர் வந்தது என்று எழுதினால் தவறு. லத்தீனில் ‘கேனிஸ்’ என்றால் நாய். தீவின் பெயரைத்தான் பின்னால் பறவைக்கு வைத்தார்கள்.

• கானா: 1957 வரை கோல்ட் கோஸ்ட். பெயரைக் கடன் கொடுத்த பழைய கானா பேரரசு இருந்த இடம் வேறு. இன்றைய மவுரித்தேனியா, மாலி பகுதி.

• இந்தோனேசியா: கிரேக்கத்தில் ‘நேசோஸ்’ என்றால் தீவு. பாலினேசியா பல தீவுகள், மைக்ரோனேசியா சிறு தீவுகள், மெலனேசியா கருந்தீவுகள். ஒரு வேர், நான்கு விடை.

• பாகிஸ்தான்: பெயரைக் கோத்தவர் சவுத்ரி ரஹ்மத் அலி, 1933-இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்ட துண்டு வெளியீட்டில். பஞ்சாப், ஆப்கானியா (வடமேற்கு எல்லை மாகாணம்), காஷ்மீர், சிந்து, பலுசிஸ்தான் ஆகியவற்றின் எழுத்துகள். வங்காளத்துக்கு அதில் ஓர் எழுத்துகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

• சிங்கப்பூர்: சிங்கபுரம். ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம்.

பெயர் மாறிய நாடுகளை ஆண்டோடு சேர்த்துப் படித்துவிடுங்கள். பாரசீகம் ஈரானானது 1935, சயாம் தாய்லாந்தானது 1939, சிலோன் ஸ்ரீலங்காவானது 1972, ரொடீசியா ஜிம்பாப்வே ஆனது 1980, அப்பர் வோல்டா புர்கினா ஃபாசோ ஆனது 1984, பர்மா மியான்மரானது 1989. அண்மைக் காலத்தில் சுவாசிலாந்து எஸ்வாத்தினி (2018), மாசிடோனியா வட மாசிடோனியா (2019), ‘டர்க்கி’ என்ற ஆங்கிலப் பெயர் ‘துர்க்கியே’ (2022).

தலைநகரங்களில் ஒரு வேடிக்கை. கஜகஸ்தானின் அஸ்தானா, தென் கொரியாவின் சியோல் இரண்டுக்கும் பொருளே ‘தலைநகர்’. அஸ்தானாவை 2019-இல் நூர்-சுல்தான் என்று மாற்றி, 2022-இல் மறுபடி அஸ்தானா ஆக்கினார்கள். பெய்ஜிங் வடதலைநகர், நான்ஜிங் தென்தலைநகர், டோக்கியோ கீழைத்தலைநகர் (1868 வரை எடோ). அடிஸ் அபாபா ‘புது மலர்’, ரெய்க்யாவிக் ‘புகை விரிகுடா’, கோலாலம்பூர் ‘சேறான கூடுதுறை’.

தனிமங்கள்

ஹீலியம் பற்றிய கேள்வி நம் பக்கத்து மண்ணைத் தொட்டுச் செல்வதால் அடிக்கடி வரும். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் இருந்து பார்த்தார். சென்னை வான் ஆய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்து பார்த்தார். சூரிய ஒளியின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. அது சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் முதலில் குழப்பம். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணமில்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்து, சோடியத்தோடு ஒட்டவில்லை, இது புதுத் தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். கிரேக்கத்தில் சூரியன் ‘ஹீலியோஸ்’, பெயர் அமைந்தது. உலோகமாக இருக்கும் என்று எண்ணியதால் பெயர் ‘இயம்’ என்று முடிகிறது. நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் என்று மற்ற மந்த வாயுக்கள் எல்லாம் ‘ஆன்’ என்று முடிய, இது மட்டும் தனித்து நிற்பதன் காரணம் இதுதான். பூமியில் ஹீலியத்தைப் பிடித்தவர் வில்லியம் ராம்சே, 1895-இல், ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து. ‘குண்டூரில் ஜான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்’ என்ற ஒற்றை வரி விடை பாதிதான் சரி.

• மெண்டலீவ் தன் அட்டவணையில் அப்போது கிடைக்காத தனிமங்களுக்கு இடம் விட்டு, ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கான் என்று தற்காலிகப் பெயர் வைத்தார். அந்த ‘ஏக’ சமஸ்கிருத எண்ணுப்பெயர். பின்னால் அவை காலியம், ஸ்காண்டியம், ஜெர்மானியம் என்று கிடைத்தன.

• இட்டர்பி: ஸ்வீடனில் ஒரு சிற்றூர். இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என நான்கு தனிமங்களுக்கு அது பெயர் கொடுத்திருக்கிறது.

• டங்ஸ்டன்: ஸ்வீடிஷ் மொழியில் ‘கனமான கல்’. குறியீடு டபிள்யூ வந்தது வுல்ஃப்ரம் என்ற மறுபெயரால்.

• ஈயம் லத்தீனில் ‘பிளம்பம்’. குழாய் வேலை பார்ப்பவரைப் பிளம்பர் என்பது அதனால். தாமிரத்தின் ‘குப்ரம்’ சைப்ரஸ் தீவின் பெயர்.

• உயிரோடு இருக்கும்போதே தனிமத்துக்குப் பெயரானவர்களில் சீபோர்க் (சீபோர்கியம், 106), ஒகானேசியன் (ஒகானேசான், 118) இருவரையும் நினைவில் வையுங்கள்.

மாதமும் கிழமையும்

செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அந்த எண்கள் அப்போது பொருந்தின. ஜூலியஸ் சீசரும் அகஸ்டஸும் ஆளுக்கொரு மாதத்தை நடுவே செருகியதால் எண் தள்ளிப்போனது என்பது பரவலான பிழை. ஏற்கெனவே இருந்த குயின்டிலிஸ் (ஐந்தாவது) ஜூலை ஆனது, செக்ஸ்டிலிஸ் (ஆறாவது) ஆகஸ்ட் ஆனது. பெயர் மாற்றம் மட்டுமே. பிப்ரவரியிலிருந்து அகஸ்டஸ் ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்பதும் இடைக்காலத்தில் கிளம்பிய கட்டுக்கதை.

கிழமை வரிசை ஏன் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று போகிறது? பஞ்சாங்கத்தில் ஓரை பார்க்கிறவர்களுக்கு விடை கைவசம் இருக்கிறது. பழையவர்கள் கணக்கில், பூமியிலிருந்து தொலைவு குறையும் வரிசை: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், நிலா. ஒவ்வொரு மணி நேரத்தையும் இந்த வரிசையில் ஒரு கோள் ஆள்கிறது. நாளின் முதல் ஓரை யாருடையதோ அவர் பெயரே கிழமைக்கு. சனியில் தொடங்கினால் இருபத்து நான்கு ஓரையில் ஏழு ஏழாக மூன்று சுற்று முடிந்து மூன்று ஓரை மிஞ்சும். ஆக மறுநாள் முதல் ஓரை மூன்று இடம் தள்ளிச் சூரியனுக்கு வரும்: ஞாயிறு. அங்கிருந்து மூன்று தள்ளினால் நிலா: திங்கள். அதிலிருந்து மூன்று, செவ்வாய். தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வாரம் முழுவதும் வந்துவிடும்.

ஓரை, ஆங்கில ‘அவர்’ இரண்டுக்கும் கிரேக்க ‘ஹோரா’வே மூலம். பிரெஞ்சில் செவ்வாய்க்கு மார்ஸ், புதனுக்கு மெர்குரி, வியாழனுக்கு ஜூபிடர், வெள்ளிக்கு வீனஸ் பெயரிலேயே கிழமைகள் உண்டு; தமிழோடு அப்படியே பொருந்தும். ஆங்கிலம் மட்டும் நடுநாள்களுக்குத் தன் பழைய ஜெர்மானியத் தெய்வங்களைப் போட்டுக்கொண்டது: டியூ, வோடன், தோர், ஃபிரிக்.

கணிதம், மருத்துவம்

• சைன்: ஆரியபட்டர் பயன்படுத்திய சொல் ‘ஜ்யா’, வில்லின் நாண். வட்டத்தில் நம் பாடநூலும் நாண் என்றே சொல்கிறது. ‘ஜீவா’ என்ற அதன் இன்னொரு வடிவம் அரபியில் ‘ஜிபா’ ஆயிற்று. அரபி எழுத்தில் குறில் உயிர்களைக் காட்டுவதில்லை என்பதால் பிற்காலத்தவர் அதை ‘ஜைப்’ என்று படித்தார்கள். அதற்கு மடிப்பு, மார்பு என்று பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டு லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பொருளை நம்பி ‘சைனஸ்’ என்று பெயர்த்தார்கள். இன்று கால்குலேட்டரில் அழுத்துகிற பொத்தானில் இருப்பது அந்தத் தப்பான வாசிப்பு.

• பூஜ்யம்: சூன்யம், அரபியில் ‘சிஃப்ர்’, அங்கிருந்து ஆங்கிலத்தில் ஜீரோ, சைபர் இரண்டும்.

• அல்காரிதம்: அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயர். அல்ஜீப்ரா அவருடைய நூல் தலைப்பில் உள்ள ‘அல்-ஜபர்’.

• வாக்சின்: லத்தீனில் ‘வாக்கா’, பசு. எட்வர்ட் ஜென்னர், 1796, மாட்டம்மைப் பால்.

• மலேரியா: இத்தாலியில் ‘கெட்ட காற்று’. கொசுவைக் காட்டிக்கொடுத்தவர் ரொனால்ட் ராஸ், செகந்தராபாத், 1897 ஆகஸ்ட் 20. அந்த நாளே உலகக் கொசு தினம். நோபல் 1902.

• குவாரன்டைன்: இத்தாலியில் நாற்பது நாள். ஆனால் 1377-இல் ரகுசா (இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக்) முதலில் விதித்தது முப்பது நாள்தான்.

தமிழிலிருந்து போனவை

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி நான்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. தேர்வுக்கு அதிகம் உதவுவது ‘கொரண்டம்’, நம் குருந்தக்கல். மோஸ் கடினத்தன்மை அளவில் 9. மாணிக்கம், நீலம் இரண்டும் இதன் வகைகள். கயிறு (காயர்), கொப்பரை, வெற்றிலை (பீட்டல்) ஆகியவை மலையாளக் கரையில் போர்த்துகீசியர் எடுத்துச் சென்றவை என்பதால் அகராதிகள் மலையாளம் என்றே குறிக்கும்.

‘கேஷ்’ என்பதைக் காசு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு ‘கேஷ்’. தென்னிந்திய, சீனச் சிறு நாணயத்தைக் குறிக்கும் பழைய சொல் நம் காசு. ரொக்கம் என்ற பொருளில் இன்று புழங்குவது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழி வந்தது.

காற்றும் கடலும்

• மான்சூன்: அரபியில் ‘மவ்சிம்’, பருவம். சுனாமி: ஜப்பானியத்தில் துறைமுக அலை. எல் நினோ: ஸ்பானிஷில் குழந்தை ஏசு, பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டி வந்த வெப்ப நீரோட்டத்துக்கு வைத்த பெயர்.

• சைக்ளோன்: சொல்லை உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன், கொல்கத்தாவில், 1848-இல் வெளிவந்த நூலில். மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டாதீர்கள், புயல் அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று 1853-இல் டல்ஹவுசிக்கு எழுதியவரும் அவரே. யாரும் கேட்கவில்லை. போர்ட் கேனிங் கட்டினார்கள். 1867 புயலில் அது பாழானது.

• வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பது 2004-இல் தொடங்கியது. அப்போது 8 நாடுகள், இப்போது 13. ஏப்ரல் 2020-இல் வந்த பட்டியலில் நாட்டுக்கு 13 என 169 பெயர்கள். தமிழ்நாட்டைத் தாக்கியவற்றுக்குப் பெயர் கொடுத்த நாடுகள்: தானே (2011) மியான்மர், வர்தா (2016) பாகிஸ்தான், ஒக்கி (2017) வங்கதேசம், கஜா (2018) இலங்கை, நிவர் (2020) ஈரான், மாண்டஸ் (2022) ஐக்கிய அரபு அமீரகம், மிக்ஜாம் (2023) மியான்மர், ஃபெஞ்சல் (2024) சவுதி அரேபியா. இந்தியா கொடுத்த பதின்மூன்றில் ‘முரசு’ ஒன்று. இந்தப் பகுதியில் ஒருமுறை வைத்த பெயரைத் திரும்ப வைப்பதில்லை.